ஜுல்மாவின் நூற்றெண்பது புட்டிகள்

ஜுல்மா டெகோஸ்டர் பால் லாரி ஓட்டினாள். காலை நாலரைக்குக் கிளம்பி, எங்கள் மேட்டுப் பண்ணைகள் பதினேழிலும் பாலை ஏற்றிக்கொண்டு பத்தரைக்குள் கூட்டுறவுப் பால் நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். பண்ணைத் தொட்டியின் மூடியைத் தூக்கியதும் அவளுடைய முதல் வேலை முகர்ந்து பார்ப்பது. புளிப்பு வாடையோ, மாடு காட்டுப் பூண்டு மேய்ந்த வாடையோ, சரியாகக் கழுவாத குழாயின் வாடையோ இருந்தால் லாரியின் உறிஞ்சுகுழாயை மாட்ட மாட்டாள். பண்ணைக்காரர்கள் கத்துவார்கள், கெஞ்சுவார்கள், நிலையத்துக்குப் போன் போடுவார்கள். அங்கே சோதனை செய்து பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். இருபத்தொரு வருஷத்தில் இரண்டே இரண்டு தடவைதான் அவள் மூக்கு தப்பியது. இரண்டு தடவையும் அவளுக்கு ஜலதோஷம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், என் முடிதிருத்தும் கடைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். போதாததற்கு ஊரில் யார் என்ன பேசினாலும் என் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுவார்கள். ப்ரஸ்ஸல்ஸிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். ஒரு தேவாலயம், ஒரு பித்தளை வாத்தியக் குழு, கஸ்தோனின் மதுக்கடை. ஜுல்மாவின் கணவன் ஓடிலோன் தகரவேலைக்காரன், கூரைகளுக்கு மழைநீர்க் குழாய் பொருத்துவான். வாத்தியக் குழுவில் டூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுவான். கஸ்தோன் அந்தக் குழுவுக்குத் தலைவன்.

எல்லாம் தொடங்கியது கஸ்தோனின் கடையில்தான், எண்பத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரி மாதம். ஒத்திகை முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தோன் ஒரு கூஸ் புட்டியைத் திறந்து ஊற்றினான். கூஸ் எங்கள் பள்ளத்தாக்கின் புளிப்புப் பீர். இதற்கு யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. கொதித்த தானியச் சாறைக் குளிர்காலத்தில் திறந்துபோட்டு ஆறவிட்டால் காற்றிலிருந்து வந்து விழுவதே போதும். பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்தபின், இளசையும் பழசையும் கலந்து புட்டியில் அடைத்தால், உள்ளேயே மறுபடி பொங்கி ஷாம்பெயின்போல நுரைக்கும். அன்றைக்கு ஜுல்மா தன் கிளாஸை முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தாள். இந்தப் புட்டியின் தக்கையில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்றாள். மற்றவர்கள் பாதி கிளாஸைக் காலி செய்திருந்தார்கள்.

கஸ்தோனுக்கு முகம் சிவந்துவிட்டது. "குடிக்கிறதுக்கு வாய் இருந்தாப் போதும், ஜுல்மா. குத்தம் சொல்லணும்னா ஒரு புட்டியாவது செஞ்சு காட்டிட்டு வந்து சொல்லு" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மறுநாள் பால் இறக்கிவிட்டு வந்ததும், துணி வேகவைக்கும் பெரிய செப்பு அண்டாவைக் கொட்டகையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் தேய்க்க ஆரம்பித்தாள். எதற்கு என்று நான் கேட்டேன். "செஞ்சு காட்டத்தான்" என்றாள்.

ஓடிலோன் அவளுக்குத் துருப்பிடிக்காத தகட்டில் ஒரு தட்டு அடித்துக் கொடுத்தான். இரண்டு ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரியது. ஆழம் ஒரு சாண்தான் இருக்கும். முளைவிட்ட பார்லியையும் பச்சைக் கோதுமையையும் ஊறவைத்து வடித்து, பீர் கெடாமல் காக்க, பாலாடைக்கட்டி நாற்றம் அடிக்கும் பழைய ஹாப்ஸ் பூவைப் போட்டு நாலு மணி நேரம் கொதிக்க வைத்தாள். சாறைத் தட்டில் ஊற்றிக் கொட்டகையின் கதவு ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டாள். விடிந்ததும் ஆறின சாறை ஐம்பது லிட்டர் பீப்பாயில் நிரப்பினாள். ஐந்தாம் நாள் பீப்பாயின் வாயிலிருந்து பழுப்பு நுரை பொங்கி வழிந்தது. கத்தரிக்கோலும் கையுமாக இருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த ஆண்டு முழுவதும் பீப்பாய்க்குப் பக்கத்தில் போனால் பச்சை ஆப்பிள் வாசனை, கொஞ்சம் ஈர வைக்கோல், குதிரை லாயம். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்தச் சந்தோஷம்தான் அவசரப்பட வைத்தது. ஒரு வருஷம் கழிந்ததும் புட்டியில் அடைத்துவிட்டாள். கலப்பதற்கு வேறு வயதுப் பீர் அவளிடம் இல்லை; மூன்று வயதுப் பீர் வேண்டுமானால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் அல்லவா? நுரை நன்றாக வரட்டும் என்று புட்டிக்கு ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டாள். புட்டிகளோ மெல்லிய கண்ணாடி, லெமனேடு அடைக்கிற ரகம். அறுபது புட்டியையும் நிலவறையில் அடுக்கினாள்.

ஜூலை மாதம் வெயில் ஏறியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது சுவருக்குக் கீழே படீரென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. சாயங்காலத்துக்குள் பதினாலு. ஒன்று வெடித்தால் கண்ணாடித் துண்டு பறந்து பக்கத்துப் புட்டியையும் உடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஓடிலோன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஈரக் கம்பளிகளை எடுத்துக்கொண்டு, மிச்சப் புட்டிகளைப் போர்த்த இறங்கினான். ஹெல்மெட்டின் கண்ணாடி மூடி புழுக்கத்தில் மங்கிப்போனதால் ஒரு நிமிஷம் அதைத் தூக்கினான். அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு புட்டி வெடித்து அவன் மேலுதட்டைக் கிழித்தது.

நான்கு தையல். டூபா ஊதுகிறவனுக்கு உதடு போனால் எல்லாம் போச்சு. செப்டம்பரில் மாகாணப் போட்டி இருந்தது. டூபா இல்லாமல் போன எங்கள் குழு கடைசி இடத்தில் வந்தது. கஸ்தோன் ஜுல்மாவோடு பேசுவதை நிறுத்தினான். குழுவில் பலரும் அப்படித்தான். அவள் மதுக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

இதற்குள் இரண்டாவது குளிர்காலச் சாறும் ஒரு பெரிய பீப்பாயில் கிடந்தது. ஒருநாள் அதைச் சாக்கடையில் திறந்துவிடப் போகிறேன் என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஓடிலோன் பீப்பாயின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். உதட்டில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"எறங்கு" என்றாள்.

"கிழிஞ்சது என் உதடு. கோவப்படணும்னா நான்தானே கோவப்படணும்? எனக்குக் கோவமே இல்ல. நீ ஏன் என் கோவத்தையும் சேத்துப் படுற?"

அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். இதை எனக்குச் சொன்னவன் ஓடிலோன். அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் தவறாமல் ஒரு பீப்பாய் நிரப்பினாள். ஆனால் புட்டியில் அடைக்கப் பயம். இளசைக் கலந்தால் கூஸ் ஆகும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இளசு என்றாலே அவளுக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. நாலு வருஷம் கழித்துத் துணிச்சல் வந்தபோதுகூட, பழைய பீப்பாயிலிருந்து மட்டும் எடுத்து, சர்க்கரை எதுவும் சேர்க்காமல் அறுபது புட்டி அடைத்தாள். புத்தாண்டுக்குத் திறந்தோம். தக்கை சத்தமே போடாமல் வந்தது. வாசனை அருமை, ருசியும் அருமை. ஒரு குமிழிகூட இல்லை. ஓடிலோன் அதைச் சாலட்டில் ஊற்றிச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றான்.

அந்த வருஷம் வசந்தத்தில்தான் அவளுக்குத் தெளிவு வந்தது. என் கடையில் நின்றுகொண்டு தானே பேசிக்கொள்வதுபோலச் சொன்னாள். பால் தொட்டியின் முன்னால் அவள் பயப்படுவதில்லை, ஏனென்றால் அங்கே முகர்ந்து பார்க்கிறாள், வெப்பம் பார்க்கிறாள், அளக்கிறாள். பீரில் மட்டும் ஏன் குருட்டாம்போக்கில் பயப்பட வேண்டும்?

அதன்பின் அளந்தாள். சர்க்கரை அளக்கும் மிதவைக் குழாய் ஒன்று வாங்கினாள். ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஒரு குடுவை பீரை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பில் மூன்று வாரம் வைத்தாள். வைக்கும்போது மிதவை எங்கே நின்றது, முடியும்போது எங்கே நின்றது என்று பார்த்தால், அந்தப் பீப்பாயில் பொங்குவதற்கு இன்னும் எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று தெரிந்துவிடும். கல்யாண வீடுகளிலும் புத்தாண்டு விருந்துகளிலும் காலியான ஷாம்பெயின் புட்டிகளைப் பால் எடுக்கப் போகும் பண்ணைகளிலெல்லாம் கேட்டு வாங்கினாள். அந்தக் கண்ணாடி தடிமன், அடியும் குழிந்து உறுதியானது. லாரியில் டயர் காற்றுப் பார்க்கும் அளவியின் முகப்பை ஓடிலோன் ஒரு மூடியில் பற்றவைத்துக் கொடுத்தான். அதை ஒரே ஒரு புட்டியின் வாயில் பொருத்தி வைத்தால், மற்ற எல்லாப் புட்டியின் வயிற்றுக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் என்று முள் காட்டும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் நவம்பரில் மூன்று பீப்பாய்களைத் திறந்தாள். ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது. இரண்டு நாள் மேஜை நிறைய சின்னக் கிளாஸ்களை வைத்துக்கொண்டு கலந்தாள், முகர்ந்தாள், கொட்டினாள், மறுபடி கலந்தாள். கடைசியில் இளசில் ஒரு பங்கு, நடுவயதில் ஒரு பங்கு, கிழத்தில் அரைப் பங்கு என்று நின்றது. மிதவையும் சரி என்றது. நூற்றெண்பது புட்டி. தக்கை அடித்து, கம்பி முறுக்கி, படுக்க வைத்து, எந்தப் பக்கம் மேலே என்று அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தோம். கோடு இழுத்தது நான்.

அடுத்த செப்டம்பரில் வாத்தியக் குழுவுக்கு நூறு வயது. விழாவுக்குப் பீரை நான் தருகிறேன், காசு வேண்டாம் என்று ஜுல்மா குழுவுக்குச் சொல்லியனுப்பினாள். மார்ச் மாதம் ஒத்திகை முடிந்த நேரத்தில், ஐந்தரை வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கஸ்தோனின் கடைக்குள் நுழைந்து இரண்டு புட்டியை மேஜைமேல் வைத்தாள். கம்பியை அவிழ்த்ததும் தக்கை நல்ல சத்தத்தோடு எகிறி மேற்கூரையில் அடித்தது. ஒருவன் கைகூடத் தட்டினான். பிறகு ஊற்றினாள்.

பீர் முட்டை வெள்ளைபோல வழிந்தது. கிளாஸுக்கும் புட்டிக்கும் நடுவே ஒரு இழை தொங்கியது. புட்டியை நிமிர்த்திய பிறகும் அந்த இழை அறுந்து விழவில்லை. கஸ்தோன் அந்தக் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டினான்.

"என்ன ஜுல்மா, பீரா இது, சளியா? நூறாவது வருஷ விழாவுக்கு வர்றவங்க ஆளுக்கொரு கைக்குட்டை கொண்டு வரணுமா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. உதடு ஆறி மறுபடி குழுவில் ஊத ஆரம்பித்திருந்த ஓடிலோன் டூபாவைப் பெட்டியில் வைப்பதுபோலக் குனிந்துகொண்டான். நான் வாசலைப் பார்த்தேன். ஜுல்மா மட்டும் அந்தக் கிளாஸைக் கஸ்தோன் கையிலிருந்து வாங்கி, மூக்குக்குக் கீழே வைத்து, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாயும் குடித்தாள்.

"சீக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள். "வாசனையில ஒரு கொறையும் இல்ல. உள்ள இருக்கிற ஈஸ்ட்டே இந்தக் கொழகொழப்பத் தின்னுடும். வெயில் வரட்டும்."

பீருக்கு இப்படிச் சீக்கு வருவதுண்டு என்று கடையில் இருந்த கிழவர்கள் சிலர் ஒத்துக்கொண்டார்கள். தெளியும் என்றார் ஒருவர். தெளியவே தெளியாது, கொட்டிவிடு என்றார் இன்னொருவர். கஸ்தோன் எல்லாரும் கேட்கும்படி சொன்னான். விழா அன்றைக்கு அவள் புட்டி ஒன்றை அவனே பொறுக்கித் திறப்பான். குழு தன் நூற்றாண்டு அணிவகுப்புப் பாட்டை முழுதாக வாசித்து முடிக்கும்வரை கிளாஸில் நுரை நிற்க வேண்டும். நின்றால் அவளுடைய ஒரு பெட்டிப் பீரைத் தோளில் சுமந்துகொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பான். நிற்காவிட்டால் அவள் அந்த அண்டாவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும்.

"சரி" என்றாள் ஜுல்மா. "நல்ல செருப்பாப் போட்டுக்க. பெட்டி கனக்கும்."

சொல்லிவிட்டு வந்தாளே தவிர அந்த ஆறு மாதம் லேசானதல்ல. மாதத்துக்கு ஒரு புட்டி திறப்பாள். ஏப்ரலில் கொழகொழப்பு. மே மாதமும் அதே. ஒவ்வொரு தடவையும் முகர்வாள், தலையாட்டுவாள். "பாலா இருந்தா ஏத்தியிருக்க மாட்டேன். இது பால் இல்லையே" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். ஜூனில் இழை இருந்தது, ஆனால் அறுந்து விழுந்தது. ஜூலையில் நிலவறை சூடாகி அளவியின் முள் ஏறத் தொடங்கியது. மூன்றில் நின்றது மூன்றரைக்கு வந்தது, நாலுக்கு வந்தது. ஓடிலோன் ஹெல்மெட்டை நிலவறைப் படியின் உச்சியில் ஆணியில் மாட்டி வைத்தான். அவள் தினமும் வேலை முடிந்து வந்து சட்டைகூட மாற்றாமல் கீழே இறங்கி முள்ளைப் பார்ப்பாள். நான் சுவரில் காதை வைத்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலரையில் முள் நின்றது. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள், நாலரையை விட்டு அது நகரவில்லை. ஒரு புட்டிகூட உடையவில்லை.

ஆகஸ்டில் திறந்த புட்டி தண்ணீர்போல ஊற்றியது. பொன் நிறம். கிளாஸின் அடியிலிருந்து முத்துக் கோத்தாற்போலக் குமிழி ஏறியது. நாங்கள் மூவரும் சமையலறையில் நின்றே குடித்தோம். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். முடிதிருத்துகிறவனிடம் அப்படி ஒரு வாக்குக் கேட்டது கொடுமை. காப்பாற்றினேன்.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு. தேவாலயத்துக்கு முன்னால் கல் பாவிய சதுக்கத்தில் ஊரே கூடியிருந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள். திறந்து பார்த்தது போக மிச்சமிருந்ததைப் பதினைந்து பெட்டியில் அடுக்கிப் பண்ணை டிராக்டரின் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கஸ்தோன் தங்கச் சரிகை வைத்த தொப்பியோடு வண்டியைச் சுற்றி வந்தான். மேல் பெட்டியைத் தொடவில்லை. அடியில் இருந்த பெட்டி ஒன்றை இழுக்கச் சொல்லி, அதன் மூலையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தான். தக்கையை அவனே தளர்த்தினான். அது அவன் கட்டை விரலைத் தள்ளிக்கொண்டு தேவாலய மணிக்கூண்டை நோக்கிப் பறந்தது. ஊற்றினான். நுரை வெள்ளையாக, கெட்டியாக, கிளாஸின் விளிம்புக்கு மேலே ஒரு விரல்கடை எழுந்து நின்றது. கிளாஸை வண்டியின் பலகைமேல் வைத்துவிட்டு, குழுவின் நடத்துநருக்குக் கையைக் காட்டினான்.

பாட்டு நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. சதுக்கத்தில் எல்லார் கண்ணும் அந்தக் கிளாஸின் மேல். ஜுல்மா ஒருத்திதான் அதைப் பார்க்கவில்லை. அவள் டூபாவின் பின்னால் இருந்த ஓடிலோனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டின் நடுவில் டூபா தனியாக வாசிக்கும் எட்டு அடி உண்டு. தழும்பு விழுந்தபின் தனியாக வாசிக்கும் இடங்களை அவன் வேறு வாத்தியங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தான். அன்றைக்கு அவனே ஊதினான். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அவள் கையிலிருந்த காலிக் கிளாஸை நசுக்கிவிடுவாள்போல இருந்தது.

கடைசிச் சுரம் ஓய்ந்தது. நுரை தாழ்ந்திருந்தது, ஆனால் கிளாஸின் முழு வட்டத்தையும் மூடியபடி வெள்ளையாக நின்றது. அடியிலிருந்து குமிழிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. சதுக்கமே ஆரவாரித்தது.

கஸ்தோன் கிளாஸை எடுத்துக் குடித்தான். பாதியில் நிறுத்தி மூச்சு விட்டான். மீதியையும் குடித்தான். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இன்னொரு கிளாஸ் குடு" என்றான். "அவசரத்துல குடிச்சுட்டேன். குத்தம் கண்டுபிடிக்கணும்ல."

"மூணு குடிச்சாலும் கெடைக்காது" என்றாள் ஜுல்மா. "மொதல்ல பெட்டியத் தூக்கு."

தூக்கினான். அதைச் சொல்லியாக வேண்டும், அவன் வாக்குத் தவறுகிறவன் அல்ல. பன்னிரண்டு தடித்த புட்டிகளைத் தோளில் வைத்துக்கொண்டு, சரிகைத் தொப்பி கோணலாக, குழுவின் தாளத்துக்குக் காலை எடுத்து வைத்து ஊரின் மூன்று தெருவும் நடந்தான். பால்காரத் தெரு முக்கில் பண்ணைக்காரர்கள் வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றினார்கள். அவர்களில் அவள் ஒரு தடவையாவது பாலை ஏற்ற மறுக்காதவர் ஒருவர்கூட இல்லை. ஜுல்மா கஸ்தோனுக்கு இரண்டடி பின்னால் நடந்தாள், நீல உடுப்பில், கன்னம் சிவந்து, யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டு. சாயங்காலம் ஏழு மணிக்குள் பெட்டிகள் எல்லாம் காலி. மார்ச்சில் கொட்டிவிடு என்று சொன்ன கிழவர் தனக்கு அப்போதே தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஹெக்டோர் என்று ஒருவர் வந்திருந்தார். கூஸ் கலந்து விற்பதுதான் அவர் தொழில், நூற்றுக்கும் மேல் பீப்பாய் வைத்திருப்பவர். குழுவில் டிரம்பெட் வாசிக்கும் மருமகளைக் கேட்க வந்தவர், பாட்டை விட்டுவிட்டு ஜுல்மாவின் வண்டிப் பக்கமே நின்றார். இரண்டு வாரம் கழித்து என் கடைக்கு வந்து முடி வெட்டிக்கொள்வதுபோல உட்கார்ந்து, அடுத்த வீட்டு அம்மா எப்போது வீட்டில் இருப்பார் என்று விசாரித்தார். வியாழக்கிழமைகளில் வந்து பீப்பாய்களை முகர்ந்து எதையெதைக் கலக்கலாம் என்று சொல்ல முடியுமா என்று அவளிடம் கேட்டார். லாரியை விட முடியாது, மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்றாள். அதற்கும் சம்மதித்தார்.

ஓய்வு பெறும்வரை லாரியையும் ஓட்டினாள், வியாழக்கிழமையும் போனாள். இப்போது லாரி இல்லை. ஹெக்டோரின் நிலவறைச் சாவி ஒன்று அவள் சட்டைப் பையில் இருக்கிறது. அங்கே அவள் சாக்கட்டியால் குறி போடாத பீப்பாயை ஹெக்டோர்கூடத் தொடுவதில்லை. நாளைக்குக் கிழக்கு வரிசையைத் திறக்கிறார்களாம், ஓடிலோனையும் என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். மீசையைக் கத்தரித்துக்கொண்டு வா, ருசி பார்க்கக் கொடுக்கிற பீரில் பாதியை அதுதான் குடிக்கிறது என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இப்போதுதான் கத்தினாள்.